நட்சத்திர வீரர் மீது குடும்ப வன்முறைப் புகார்: ரசிகர்கள் ஏன் இப்படிப் பிரிகிறார்கள்?

2014 ஜூலை மாதக் கடைசி. அமெரிக்கக் கால்பந்து அணியான பால்டிமோர் ரேவன்ஸின் பயிற்சியைப் பார்க்கத் திரண்டிருந்த ரசிகர்கள், அணியின் நட்சத்திர வீரர் ரே ரைஸ் களத்துக்குள் வந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதே ஆண்டு செப்டம்பர் மூன்றாவது வாரம், அதே அணியின் மைதானத்தில் நீண்ட வரிசை. ரைஸ் பெயர் போட்ட ஜெர்சியைக் கொடுத்துவிட்டு வேறொரு வீரரின் ஜெர்சியை வாங்கிப் போக வந்தவர்கள் அவர்கள். இரண்டு நாளில் 7,000-க்கும் மேற்பட்ட ஜெர்சிகள் திரும்பி வந்தன.

நடுவில் எட்டு வாரம்கூட இல்லை. அதற்குள் ரசிகர்களுக்குப் புதிதாக என்ன தெரியவந்தது? யோசித்துப் பார்த்தால், பெரிதாக ஒன்றுமே இல்லை. மணமுடிக்க இருந்த பெண் நினைவில்லாமல் கிடக்க, அவரை ரைஸ் ஒரு கேசினோ லிஃப்டிலிருந்து வெளியே இழுத்துப் போடும் வீடியோ பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. மார்ச்சில் அவர் மீது தாக்குதல் குற்றச்சாட்டு பதிவானது. லிஃப்டுக்குள் நடந்து போன பெண் வெளியே வரும்போது மயங்கிக் கிடக்கிறார் என்றால், உள்ளே என்ன நடந்திருக்கும் என்று யூகிக்கத் துப்பறிவாளர் தேவையில்லை. மே மாதம் இருவரும் சேர்ந்து பத்திரிகையாளர்களைச் சந்தித்தபோது, அன்றைய இரவில் தன் பங்குக்காக அந்தப் பெண் வருந்துவதாகச் சொன்னார் என்று கிளப்பின் ட்விட்டர் கணக்கே எழுதியது. அடி வாங்கியவர் வருத்தம் தெரிவிக்கிறார், கிளப் அதைப் பரப்புகிறது. ஜூலையில், அமெரிக்கக் கால்பந்தை நடத்தும் என்எஃப்எல் லீக் கொடுத்த தண்டனை, இரண்டே ஆட்டத் தடை. அடுத்த சில நாளில்தான் அந்தக் கைதட்டல்.

செப்டம்பர் 8 அன்று லிஃப்டுக்குள் இருந்த கேமராவின் காட்சி வெளியானது. அடி விழுவதை உலகமே பார்த்தது. அன்றைக்கே கிளப் அவரை நீக்கியது, லீக் காலவரையறை இல்லாத தடை விதித்தது. அந்தத் தடையை, மத்தியஸ்தராக விசாரித்த முன்னாள் நீதிபதி ஒருவர் நவம்பரில் ரத்து செய்தார். ஆனாலும் ரைஸ் அதன்பிறகு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

ஆக, தெரிந்திருந்தபோது கைதட்டியவர்கள் பார்த்தபிறகு ஜெர்சியைக் கழற்றினார்கள். ரசிகர்களின் எதிர்வினையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயமே பாதி வழி கூட்டிப்போகும். சிக்கல் என்னவென்றால், குடும்ப வன்முறை பெரும்பாலும் நடப்பது கேமரா இல்லாத இடத்தில். படுக்கையறையிலும் சமையலறையிலும் காருக்குள்ளும் நடப்பதற்குக் காட்சி கிடைப்பது அரிது. கிடைப்பது ஒரு பெண்ணின் வாக்குமூலமும் ஒரு வீரரின் மறுப்பும்தான். அப்புறம் யாரை நம்புவது என்பதை ஆதாரம் தீர்மானிப்பதில்லை. யார் நம்மவர் என்பது தீர்மானிக்கிறது.

முதல் சில மணி நேரம்

செய்தி வந்ததும் எந்த நாட்டு ரசிகர்களிடமும் ஏறக்குறைய இதே பேச்சுத்தான் கிளம்பும். “பணத்துக்காகச் சொல்றா.” “இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தா?” “அவளே அவனோட திரும்பச் சேர்ந்துட்டா, உனக்கென்ன?” கொஞ்சம் நிதானமானவர்கள், “நிரூபிக்கட்டும், பிறகு பேசலாம்” என்பார்கள். இன்னொரு கூட்டம், “நாங்க வந்தது பந்து பார்க்க, வீட்டு விஷயம் எதுக்கு?” என்று ஒதுங்கும்.

கடைசிப் பேச்சு கேட்பதற்குச் சாதுவாக இருக்கும். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்குப் பிரேசிலில் ஒரு கதை இருக்கிறது. ஃப்ளமெங்கோ கிளப்பின் கோல்கீப்பர் புரூனோ 2009-இல் தேசிய சாம்பியன் பட்டம் வென்ற அணியில் இருந்தவர். அவரால் கருவுற்ற ஒரு பெண், அவர் தன்னைக் கடத்தி மிரட்டியதாகவும் கருவைக் கலைக்க வற்புறுத்தியதாகவும் அதே ஆண்டு போலீசில் புகார் கொடுத்தார். 2010 மார்ச்சில், காதலியோடு தகராறில் சிக்கிய சக வீரர் ஒருவருக்காகப் புரூனோ பேச வந்தார். மணமானவர்களில் மனைவியோடு சண்டை போடாதவர், கைகலப்பு வரை போகாதவர் யார் என்று அவர் பத்திரிகையாளர்களைப் பார்த்தே கேட்டார். மூன்று மாதம் கழித்து அந்தப் பெண் காணாமல் போனார். கொலைக்காக 2013-இல் புரூனோவுக்கு 22 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீடு நிலுவையில் இருந்த நேரத்தில், 2017-இல் வெளியே வந்தவரை போவா எஸ்போர்ட்டே என்ற சிறிய கிளப் உடனே ஒப்பந்தம் செய்தது. ஸ்பான்சர்கள் விலகினார்கள், கிளப் விலகவில்லை. உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்பச் சிறைக்கு அனுப்பிய பிறகுதான் அது முடிந்தது.

எல்லாப் புகாரும் இப்படி முடியும் என்று சொல்ல வரவில்லை. “வீட்டு விஷயம்” என்று ஒதுக்கப்பட்ட ஒரு புகார் எவ்வளவு தீவிரமானது என்று வெளியே நிற்பவருக்கு அந்த நேரத்தில் தெரியவே தெரியாது, அவ்வளவுதான்.

‘நிரூபிக்கும் வரை நிரபராதி’ யாருக்கான விதி?

ரசிகர் சண்டையில் அதிகம் எடுத்து வீசப்படும் வாக்கியம் இது. நல்ல விதி, தேவையான விதி. ஆனால் அது அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தப் பிறந்தது. ஒருவரைச் சிறையில் போடும் அதிகாரம் அரசிடம் இருப்பதால், சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்துவிட்டுப் போடு என்று அரசுக்குச் சொல்லும் விதி. ஒருவருக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும் என்று அது யாரையும் கட்டாயப்படுத்தாது. கைதட்டாமல் உட்கார்ந்திருப்பது தண்டனையும் ஆகாது.

சட்டத்துக்குள்ளேயே அளவுகோல்கள் பல. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணம் வேண்டும். சிவில் வழக்கில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். வேலை கொடுத்தவர் ஒருவரை நீக்க, இங்கிலாந்துச் சட்டத்தில், முறையான விசாரணை நடத்தி அதன் அடிப்படையில் நியாயமாக நம்பினாலே போதும். இந்த மூன்றும் ஒரே சம்பவத்துக்கு மூன்று பதில் தரலாம், அதில் முரண்பாடு எதுவும் இல்லை.

ஸ்காட்லாந்து வீரர் டேவிட் குட்வில்லி விஷயத்தில் அதுதான் நடந்தது. அது குடும்ப வன்முறை வழக்கு இல்லை, பாலியல் வன்கொடுமைப் புகார். ஆனாலும் இங்கே பொருந்தும். அரசுத் தரப்பு 2011-இல் குற்ற வழக்கைத் தொடராமல் விட்டது. புகார் கொடுத்த பெண் சிவில் நீதிமன்றம் போனார். 2017-இல் நீதிபதி, வன்கொடுமை நடந்தது என்றே தீர்ப்பளித்து இழப்பீடு கொடுக்கச் சொன்னார். அதன்பிறகு குட்வில்லி கிளைட் என்ற கிளப்பில் சேர்ந்து ஏறக்குறைய ஐந்து வருடம் ஆடினார், கேப்டனாகவும் இருந்தார். பெரிய கூச்சல் எதுவும் இல்லை. 2022 ஜனவரிக் கடைசியில் ரெய்த் ரோவர்ஸ் அவரை வாங்கியதுதான் தாமதம், வெடித்தது. அந்தக் கிளப்பின் நெடுநாள் ரசிகரும் ஸ்பான்சருமான எழுத்தாளர் வால் மெக்டெர்மிட் ஆதரவை விலக்கிக்கொண்டார். மகளிர் அணியின் கேப்டன் வெளியேறினார். இயக்குநர்கள் ராஜினாமா செய்தார்கள். சில நாளில் கிளப் பின்வாங்கி, இவர் எங்களுக்காக ஆடமாட்டார் என்று அறிவித்தது. மார்ச்சில் அவரைக் கிளைட் லோனில் (தற்காலிக இரவலாக) திரும்ப எடுத்துக்கொண்டபோது, கிளைட் மகளிர் அணியினர் கூண்டோடு விலகினார்கள். மைதானத்தின் உரிமையாளரான உள்ளாட்சி நிர்வாகமும் எதிர்க்க, அந்த லோனும் ரத்தானது.

ஐந்து வருடம் ஒரே தீர்ப்பு, ஒரே ஆள். மாறியது, எதிர்த்துப் பேச ஆள் இருந்தார்களா என்பது மட்டுமே. ரெய்த்தில் முதலில் பேசியவர்கள், இழக்க ஏதோ இருந்தவர்கள்: ஒருவருக்கு ஸ்பான்சர் ஒப்பந்தம், இன்னொருவருக்குக் கேப்டன் பட்டை. அடுத்தவர்கள் வாய் திறக்க அது வழி விட்டது. ரசிகர் கருத்து தானாக ஒரு பக்கம் சாய்வதில்லை. யாரோ முதலில் எழுந்து போக வேண்டியிருக்கிறது.

மான்செஸ்டரில் நடந்தது

ரசிகர் எதிர்வினைக்கும் கிளப் முடிவுக்கும் உள்ள உறவை முழுதாகப் பார்க்க, மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்துக் கிளப்பின் இளம் வீரர் மேசன் கிரீன்வுட் விவகாரம்தான் வசதி. 2022 ஜனவரி கடைசியில் ஒரு பெண்ணின் காயங்களின் படங்களும் ஒரு ஒலிப்பதிவும் இணையத்தில் வெளிவந்தன, அவர் கைதானார். மான்செஸ்டர் யுனைடெட் அவரை அணியிலிருந்து விலக்கி வைத்தது. நைக்கி ஒப்பந்தத்தை முறித்தது. அவர் பெயர் போட்ட ஜெர்சிகளைக் கிளப்பே மாற்றிக் கொடுத்தது, பால்டிமோரில் போலவே. அக்டோபரில் பாலியல் வன்கொடுமை முயற்சி, கட்டுப்படுத்தி அடக்கிவைத்தல், உடல் காயம் ஏற்படுத்தும் தாக்குதல் ஆகிய குற்றச்சாட்டுகள் பதிவாயின. அவர் எல்லாவற்றையும் மறுத்தார். 2023 பிப்ரவரியில் வழக்கு கைவிடப்பட்டது. முக்கிய சாட்சிகள் விலகியதும் புதிதாக வந்த தகவல்களும் சேர்ந்து, தண்டனை கிடைக்கும் யதார்த்தமான வாய்ப்பு இல்லை என்று அரசு வழக்குத் துறை சொன்னது.

இந்த இடத்தில் ரசிகர்கள் இரண்டாகப் பிளந்தார்கள். ஒரு பக்கம், “வழக்கே இல்லை, அப்போ குற்றமும் இல்லை.” மறுபக்கம், “எங்க காதால கேட்டோமே.” இரண்டு பக்கமும் அவசரப்படுகின்றன என்பது என் எண்ணம். வழக்கு கைவிடப்படுவதும் விடுதலைத் தீர்ப்பும் வேறு வேறு. ஜூரி கேட்டு முடிவு சொல்லவே இல்லை என்பதுதான் அதன் பொருள். அதேபோல, ஒரு துண்டு ஒலிப்பதிவை வைத்து முழு வழக்கையும் நாமே நடத்தி முடித்துவிடவும் முடியாது.

சாட்சி விலகினால் புகார் பொய் என்று எடுத்துக்கொள்வதுதான் இதில் மிகப் பரவலான தவறு. குடும்ப வன்முறை வழக்குகளில் புகார் கொடுத்தவர் பின்வாங்குவது எங்கும் சகஜம். காரணங்களும் ஒன்றிரண்டு இல்லை. பிள்ளைகள், வீட்டு வாடகை, பயம், உறவினர் அழுத்தம், இன்னமும் மிச்சமிருக்கும் அன்பு. எதிரே இருப்பவர் பிரபல வீரர் என்றால், லட்சக்கணக்கான அந்நியர்களின் வசவும் சேர்ந்துகொள்ளும். இங்கிலாந்தில் பாலியல் குற்றப் புகார் கொடுப்பவரின் அடையாளத்துக்கு வாழ்நாள் பாதுகாப்பு உண்டு. அடி, உதை, மிரட்டல் என்று மட்டும் புகார் கொடுப்பவருக்கு அது தானாகக் கிடைக்காது. யுனைடெட்டின் முன்னாள் நட்சத்திரம் ரயன் கிக்ஸ் மீது, முன்னாள் காதலியின் புகாரில் தொடரப்பட்ட வழக்கு 2022 ஆகஸ்டில் விசாரணைக்கு வந்து, ஜூரி ஒரு முடிவுக்கு வர முடியாமல் கலைந்தது. மறுவிசாரணைக்கு முன், 2023 ஜூலையில், வழக்கைத் தொடரப் போவதில்லை என்று அரசுத் தரப்பு சொல்லிவிட, சட்டப்படி அவர் குற்றமற்றவர் ஆனார். ஒரே வகைப் புகார் எத்தனை விதமாக முடியலாம் என்பதற்கு மான்செஸ்டர் ஒன்றிலேயே இரண்டு உதாரணம் இருக்கிறது.

சரி, யுனைடெட் என்ன செய்தது? சில மாதம் உள்விசாரணை நடத்தியது. 2023 ஆகஸ்டில், அவரைத் திரும்ப அணியில் சேர்க்கும் திட்டம் தயாராகிறது என்று செய்தி கசிந்தது. யார் யார் ஆதரிப்பார்கள், யார் எதிர்ப்பார்கள் என்று கிளப் முன்கூட்டியே பிரித்து வைத்திருந்ததாகவும், குடும்ப வன்முறைக்கு எதிரான தொண்டு அமைப்புகள் அதில் எதிர்ப்பாளர் பட்டியலில் இருந்ததாகவும் செய்திகள் வந்தன. பெண் ரசிகர்கள் குழு ஒன்று எதிர்த்து அறிக்கை விட்டது. வாழ்நாள் ரசிகையான தொலைக்காட்சித் தொகுப்பாளர் ரேச்சல் ரைலி, அவர் திரும்பினால் இந்த அணியை ஆதரிக்க மாட்டேன் என்றார். மகளிர் உலகக் கோப்பையில் ஆடிக்கொண்டிருந்த யுனைடெட் வீராங்கனைகளின் கருத்தும் கேட்கப்படும் என்று செய்தி வந்ததும், ரசிகர்களில் ஒரு பகுதி அந்த வீராங்கனைகளையே இணையத்தில் திட்டத் தொடங்கியது. அவர்கள் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே.

ஆகஸ்ட் 21 அன்று அறிக்கை வந்தது. இணையத்தில் வந்தவை முழு உண்மையையும் காட்டவில்லை, சுமத்தப்பட்ட குற்றங்களை அவர் செய்யவில்லை என்று முடிவுக்கு வந்திருக்கிறோம், ஆனாலும் அவர் வேறு கிளப்பில் ஆடுவதே நல்லது என்றது அது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் தலை சுற்றும். குற்றமே செய்யவில்லை என்றால் ஏன் அனுப்ப வேண்டும்? அனுப்பியே ஆக வேண்டும் என்றால் அந்த நற்சான்று எதற்கு? பதில் எளிது. முதல் பாதி வாங்கப்போகும் கிளப்புக்கு, இரண்டாம் பாதி கோபமாக இருந்த ரசிகர்களுக்கு.

செப்டம்பரில் ஸ்பெயினின் கெட்டாஃபேக்கு லோனில் போனார். முதல் ஆட்டத்தில் உள்ளூர் ரசிகர்கள் வரவேற்றார்கள். அதே ஆட்டத்தில், செத்துப் போ என்ற கோஷமும் எழுந்தது. 2024-இல் பிரான்ஸின் மார்செய் கிளப் அவரை வாங்க முன்வந்தபோது, நகர மேயர் பெனுவா பயான் வெளிப்படையாக எதிர்த்தார். கிளப் வாங்கியது. 2024-25 பருவத்தில் பிரெஞ்சு லீகில் 21 கோல் அடித்தார். கோல் விழ விழ எதிர்ப்புச் சத்தம் குறைந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். கால்பந்தில் கோல் போடும் குஞ்சு என்றால் கேட்கவே வேண்டாம்.

எதிரணி ரசிகர்களின் அக்கறை

இதில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் இருக்கிறது. எதிரணி ரசிகர்கள் இந்த மாதிரிப் புகாரைக் கையில் எடுத்ததும் சட்டென்று பெண்ணுரிமைக்காரர் ஆகிவிடுவார்கள். அந்த வீரர் பந்தைத் தொடும்போதெல்லாம் கோஷம், பாட்டு, கேலிப் பதாகை. பார்த்தால் கண்டனம் போல இருக்கும். ஆனால் பாட்டில் அந்தப் பெண் வெறும் எதுகைக்கு வந்து போவார். அடுத்த வருடம் அதே வீரரை அவர்கள் கிளப்பே வாங்கினால் பாட்டு மாறிவிடும். இதனால் இன்னொரு கெடுதலும் உண்டு. புகார் எதிரியின் ஆயுதமாக மாறியதும், சொந்த அணி ரசிகரில் தயங்கிக்கொண்டிருந்தவர்களும் தற்காப்பு வரிசையில் போய் நின்றுகொள்கிறார்கள். இனி அந்த வீரரைச் சந்தேகிப்பது எதிரணியோடு சேர்ந்துகொள்வது போல ஆகிவிடுகிறது.

இத்தனை சத்தத்தையும் கேட்டபடி அதே கேலரியில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? உலகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பெண் வாழ்நாளில் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்திருக்கிறார் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட மதிப்பீடு. லான்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2002, 2006, 2010 உலகக் கோப்பைகளின்போது லங்காஷயர் போலீசுக்கு வந்த புகார்களைப் பார்த்தது. இங்கிலாந்து வென்ற அல்லது டிரா செய்த நாளில் குடும்ப வன்முறைப் புகார் 26% கூடியது, தோற்ற நாளில் 38%. அமெரிக்காவில் டேவிட் கார்டும் கோர்டன் டாலும் செய்த ஆய்வில், ஜெயிக்கும் என்று எதிர்பார்த்த உள்ளூர் என்எஃப்எல் அணி தோற்ற நாளில், ஆண்கள் வீட்டில் துணைவியைத் தாக்குவது சுமார் 10% கூடியிருந்தது. ஆட்டம்தான் அடிக்க வைக்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால், “பணத்துக்காகச் சொல்றா” என்று ஒருவர் கேலரியில் சத்தமாகச் சொல்லும்போது, பக்கத்து இருக்கைக்காரர் இன்னமும் யாரிடமும் வாய் திறக்காதவராக இருக்கலாம். தான் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கான பதில் அவருக்கு அங்கேயே கிடைத்துவிடுகிறது. நட்சத்திர வீரருக்கு அந்தக் கமெண்ட் போய்ச் சேரப் போவதில்லை. சேருவது இவருக்குத்தான்.

கிளப் கையில் விட்டால்

ரசிகர்கள் பிளவுபடுவதற்குப் பாதிக் காரணம், முடிவை ஒவ்வொரு முறையும் கிளப் எடுப்பது. கிளப்புக்கு அந்த வீரர் ஒரு சொத்து. பல கோடி மதிப்புள்ள சொத்தைப் பற்றி அதன் உரிமையாளரே விசாரணை நடத்தி அறிக்கை கொடுத்தால், நியாயமாகவே நடத்தியிருந்தாலும் யார் நம்புவார்கள்? ரைஸ் விவகாரத்துக்குப் பிறகு என்எஃப்எல், முதல் குற்றத்துக்கு ஆறு ஆட்டத் தடை என்று 2014-இலேயே எழுதி வைத்தது. கிரீன்வுட் விவகாரத்தின்போது பிரீமியர் லீகில் அப்படி எழுதிவைத்த அளவு எதுவும் இல்லை. அவரவர் கிளப், அவரவர் முடிவு.

ஆஸ்திரேலிய ரக்பி லீகான என்ஆர்எல் வேறு வழியில் போனது. 2019-இல் வந்த விதிப்படி, 11 ஆண்டு அல்லது அதற்கு மேல் சிறை கிடைக்கக்கூடிய குற்றச்சாட்டு பதிவானால் வீரர் தானாகவே ஒதுக்கி வைக்கப்படுவார். அதைவிடக் குறைந்த குற்றச்சாட்டு என்றாலும், பெண்கள், குழந்தைகள் மீதான வன்முறையென்றால் லீக் தலைமை முடிவெடுக்கலாம். சம்பளம் முழுதும் உண்டு, பயிற்சியும் உண்டு, ஆட்டம் மட்டும் இல்லை. குற்றவாளி என்று சொல்லவில்லை, வழக்கு முடியட்டும் என்கிறது விதி. கிளப் பேரம் பேச இடமில்லை. ரசிகர்களும் கிளப்பை நெருக்கவோ காப்பாற்றவோ வேண்டியதில்லை.

இதற்கும் விலை உண்டு. விதியில் முதலில் சிக்கியவர் ஜாக் டி பெலின், பாலியல் வன்கொடுமை வழக்கில். விதியை எதிர்த்து நீதிமன்றம் போய்த் தோற்றார். 2020-இல் ஒரு ஜூரி முடிவுக்கு வர முடியாமல் கலைந்தது. 2021 மறுவிசாரணையில் ஒரு குற்றச்சாட்டிலிருந்து விடுதலை கிடைத்தது, மற்றவற்றில் மறுபடியும் முடிவில்லை, அவற்றை அரசுத் தரப்பு கைவிட்டது. அவர் திரும்பக் களமிறங்கியபோது இரண்டு முழுப் பருவங்கள் போயிருந்தன. சம்பளம் வந்தது, ஆடும் வயது திரும்பவில்லை. வழக்கு வேகமாக நடக்கும் நாட்டில் இந்த விதி நன்றாக ஓடும். இழுத்தடிக்கும் நாட்டில், குற்றம் செய்யாத ஒருவரின் ஆட்ட வாழ்க்கையில் பெரும்பகுதியை அது தின்றுவிடலாம். இதைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்கும் ரசிகர் சங்கங்கள் இந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.